முந்தியது பாட்டா, படமா? (வன்னியில் ஒலியும் ஒளியும் – 11)

பாட்டுப் பதிவையும் படத்தொகுப்பையும் ஒரே மென்பொருளில் முடித்துவிடலாம் என்பது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இன்று யாரையும் வியக்க வைக்கும் செய்தி அல்ல. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் என்று ஓடித்திரியும் வீடியோக்காரரின் மடிக்கணினியில் படத் துண்டுகளும் ஒலி ட்ராக்குகளும் ஒரே சாளரத்தில் மேலும் கீழுமாகக் கிடக்கின்றன. இந்த இணைப்பை வழக்கமாக ஒரு வசதியின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்: கணினி வேகமானது, நினைவகம் மலிந்தது, இரண்டு மேசையில் இருந்த வேலை ஒரு மேசைக்கு வந்தது. அவ்வளவும் உண்மைதான். ஆனால் இரண்டு கலையை ஒரு மேசையில் வைத்தால், எதன் கணக்குக்கு எது அடங்குவது என்ற கேள்வி உடனே எழுகிறது. படம் பிரேம் கணக்கில் ஓடுவது. பாட்டு தாளக் கணக்கில் ஓடுவது. இரண்டும் எப்போதும் பொருந்துவதில்லை. ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே வன்னி இந்தக் கேள்விக்குப் பாட்டின் பக்கம் நின்று விடை சொல்லிவிட்டது என்பதும், ஒலியிலிருந்து படத்துக்கு வந்த மென்பொருளே அந்த விடைக்குப் பொருந்தியது என்பதும்தான் இந்த இதழில் நான் நிறுவ முயல்வது.

முதலில் கூத்துக் களரிக்குப் போவோம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் கையில் தாளம், பக்கத்தில் மத்தளம், பின்னே பிற்பாட்டுக்காரர். ஒரு பாத்திரம் களரிக்குள் கால்வைக்கும்போது அதன் வரவுப் பாட்டு அதற்கு முன்னரே அங்கே நிற்கிறது. எந்த இடத்தில் சுழல்வது, எந்த இடத்தில் நின்று வசனம் பேசுவது என்பதையெல்லாம் தரு எனப்படும் கூத்துப் பாட்டும் மத்தள அடியுமே தீர்மானிக்கின்றன. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பரவலாக ஆடப்பட்டுவரும் காத்தவராயன் கூத்திலும் இதே ஒழுங்குதான். அங்கே ஆர்மோனியம் சேர்ந்துகொள்கிறது, நடை சிந்து நடையாகிறது. கண்ணுக்குத் தெரிவது காதுக்குக் கேட்பதன் பின்னால் வருகிறது. தமிழ் சினிமாவும் இந்த ஒழுங்கில் பாதியை எடுத்துக்கொண்டது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ 1938இல் பின்னணிக் குரலைக் கையாண்ட காலத்திலிருந்து, பாட்டை முன்கூட்டிப் பதிவுசெய்து, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைத்து ஆடுவது நிலைபெற்ற முறையானது. பின்னணி இசை மட்டும் நேர்மாறு: படம் வெட்டி முடிந்த பிறகுதான் அது எழுதப்படும். ஆகவே சென்னையில் இரண்டு ஒழுங்கும் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. அவற்றுக்கு வெவ்வேறு அறைகள் இருந்தன, வெவ்வேறு ஆட்கள் இருந்தார்கள். வன்னிக்கு அந்த இரண்டாவது அறை கிடைக்கவே இல்லை.

சென்ற இதழில் பார்த்த ஒலிநாடாக் காலத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் ஏறின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அந்த நிலையில் ஒரு பாட்டு ஊரைச் சுற்றிவர ஒலிநாடாவும் ஒரு ‘செற்’றும் போதும், ஒரு படம் சுற்றிவரத் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், மின்பிறப்பாக்கி, அதற்கு மண்ணெண்ணெய் என்று ஒரு வரிசை வேண்டும். 1995 இறுதியில் வலிகாமம் பெயர்ந்து, கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தவர்களோடு யாழ்ப்பாணத்தின் பாட்டுக்காரரும் படக்காரரும் வந்தார்கள். ஆனால் மின்கம்பி கூடவரவில்லை. புதுவை இரத்தினதுரை போன்றோர் எழுதி, எஸ்.ஜி. சாந்தன் போன்றோர் பாடிய பாடல்கள் முதலில் ஒலிநாடாவாகத்தான் சனத்தைச் சேர்ந்தன. அவற்றுக்குப் படம் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே முடிந்துவிட்ட பாட்டின் மேல்தான் படம் வெட்டப்பட்டது. விடுதலைப் புலிகளின் படப்பிரிவான நிதர்சனத்தின் ‘ஒளிவீச்சு’ என்ற காணொளிச் சஞ்சிகை அந்தக் காலத்தின் பெயர்பெற்ற வெளியீடு.

வீஎச்எஸ் நாடாவில் இந்த வேலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரே மேசை ஏன் அவ்வளவு பெரிய விடுதலையாகத் தெரிந்தது என்பது விளங்கும். இரண்டு டெக்கை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவுசெய்வதுதான் வெட்டு. ஒவ்வொரு பிரதிக்கும் படம் ஒரு படி மங்கும். ஒலிக்கு அந்த நாடாவில் இரண்டு இடம் உண்டு. தரமான ‘ஹைஃபை’ ஒலி, சுழலும் தலைகளால் படத்துக்கு அடியிலேயே எழுதப்படுவது. படத்தை அழிக்காமல் அதை மட்டும் மாற்ற முடியாது. படம் வெட்டி முடித்த பிறகு பாட்டை ஏற்றவேண்டுமென்றால் நாடாவின் ஓரத்தில் ஓடும் ஒற்றைக் கோட்டில்தான் ஏற்றலாம். பால் (PAL) முறை வீஎச்எஸ் நாடா நொடிக்கு 2.34 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்வது. சாதாரணப் பாட்டுக் கசற் நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர். அதாவது கசற்றில் கேட்ட அதே பாட்டு, படத்தோடு சேர்ந்தவுடன் பாதி வேக நாடாவுக்கு இறங்கி, மேல்சுரங்களை இழந்து, இரைச்சலைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாட்டுக்காகப் படம் எடுத்தார்கள்; படத்தில் ஏறியதும் பாட்டுத்தான் கெட்டது. இந்த முரண்பாட்டை நாடா இருக்கும்வரை தீர்க்க வழியில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்து, ஏ9 வீதி திறந்து, ஓமந்தை வழியாகப் பொருள்கள் வரத்தொடங்கியபோதுதான் கணினியும் டிஜிற்றல் கமராவும் வன்னியில் வேர்பிடித்தன. 2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியாக ஒளிபரப்பைத் தொடங்கியது. வாரத்துக்கு எவ்வளவு படம் தேவை என்ற கணக்கே அப்போது மாறிவிட்டது: மெல்ல மெல்ல வெளிவரும் சஞ்சிகைக்கு உழைக்கும் வேகம், நாள்தோறும் ஒளிபரப்பும் நிலையத்துக்குக் காணாது. உலகில் ஒலியையும் படத்தையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரும் போட்டி சூடுபிடித்திருந்த காலமும் அதுவே. ஆகவே வன்னி இந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகவும் பிந்தி வந்தது என்று சொல்வது சரியல்ல. நாடாக் காலத்துக்குத்தான் அது பிந்தியது. கணினிக் காலத்துக்குக் கிட்டத்தட்ட நேரத்துக்கே வந்துசேர்ந்தது.

அந்தப் போட்டியின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் இருந்த சொனிக் பவுண்ட்ரி என்ற சிறிய நிறுவனம். ‘சவுண்ட் ஃபோர்ஜ்’ என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளால் அறியப்பட்ட அவர்கள், 1998இல் ‘அசிட்’டை வெளியிட்டார்கள். வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சுருதியில் பதிவான இசைத் துண்டுகளைத் தாமாகவே ஒரு தாளத்துக்கும் சுருதிக்கும் இழுத்துப் பொருத்தியது அது. 1999இல் வந்த ‘வேகாஸ்’ முதற் பதிப்பில் படத்துக்கு இடமே இல்லை. அது பல ட்ராக் ஒலிப்பதிவு மென்பொருள். அடுத்த ஆண்டு ‘வேகாஸ் வீடியோ’ என்ற பெயரில், அதே ஒலி மேசையில் படத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தார்கள். 2003இல் சோனி அதை வாங்கியது. 2016இல் ஜேர்மனியின் மஜிக்ஸ் வாங்கியது. உரிமையாளர் மாறினாலும் பிறவிக் குணம் மாறவில்லை. நேரக்கோட்டை மணி–நிமிடமாகவும் பார்க்கலாம், பிரேமாகவும் பார்க்கலாம், தாள அளவாகவும் அடியாகவும்கூடப் பார்க்கலாம். துண்டுகளைப் பிரேம் எல்லைக்கு ஒட்டவைக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை நிறுத்திவிட்டால் ஒலியைப் பிரேமுக்குக் கட்டுப்படாமல் விரும்பிய இடத்தில் வெட்டலாம். படத்தொகுப்பிலிருந்து பிறந்த மென்பொருள்களில் வழக்கம் மறுபுறமாக இருந்தது: ஒலித் துண்டும் பிரேம் எல்லையிலேயே தொடங்கி, பிரேம் எல்லையிலேயே முடியவேண்டும்.

இதென்ன மயிரிழை வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எங்கள் தொலைக்காட்சி பால் முறை. நொடிக்கு 25 பிரேம், ஒரு பிரேமுக்கு 40 மில்லி நொடி. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் போனால் அடிக்கும் அடிக்கும் இடையே அரை நொடி, அதாவது பன்னிரண்டரைப் பிரேம். அரைப் பிரேம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒன்றுவிட்ட ஒவ்வொரு அடியிலும் வெட்டு 20 மில்லி நொடி முந்தும் அல்லது பிந்தும். அதே பாட்டு 125 அடியில் போனால் சரியாக 12 பிரேம், 100 அடியில் போனால் சரியாக 15 பிரேம், சிக்கலே இல்லை. படத்தில் 20 மில்லி நொடிப் பிசகைக் கண் பெரும்பாலும் மன்னித்துவிடும். ஆனால் ஒலித் துண்டையே பிரேமுக்கு ஒட்டி வெட்டி, இரண்டு துண்டைத் தாளத்தில் இணைக்கப் போனால், அதே 20 மில்லி நொடி மத்தளக்காரனின் கை தடுக்கியது போலக் காதில் விழும். ஒரு பிரேமின் 40 மில்லி நொடிக்குள் நொடிக்கு 48,000 என்ற கணக்கில் 1,920 ஒலி மாதிரிகள் கிடக்கின்றன. ஒலியில் பிறந்த மென்பொருள் அந்த 1,920இல் எதிலும் கைவைக்க விடுகிறது. மற்றது வாசலில் மட்டும் விடுகிறது. பாட்டே முதலாளி என்று நினைத்து வேலைசெய்யும் இடத்துக்கு இது மயிரிழை அல்ல.

ஒலியும் படமும் வேறு வேறு குடும்பம், இடையில் வலிந்து சம்பந்தம் செய்துவைத்தார்கள் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். நொடிக்கு 44,100 ஒலி மாதிரி என்ற இறுவட்டின் புகழ்பெற்ற எண் வீடியோ நாடாவிலிருந்து வந்தது. டிஜிற்றல் ஒலியைப் பதிய ஆரம்பத்தில் வீடியோ நாடாவே கைக்கு எட்டிய சாதனம். பால் முறையில் நொடிக்கு 50 அரைப்படம், ஒவ்வொன்றிலும் பயன்படும் 294 கோடு, கோட்டுக்கு 3 மாதிரி என்று பெருக்கினால் அதே எண் வரும். பிறகுதான் பிரிவு வந்தது: இசைக்கு 44,100, டிஜிற்றல் வீடியோவுக்கு 48,000. இந்த இரண்டையும் மாற்றாமல் கலந்தால் நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பதரை நொடியில் ஓடி முடிந்து, சுருதியும் ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறிவிடும். இரண்டு மென்பொருளுக்கிடையே கோப்பை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பொறி காத்திருந்தது. ஒரே மென்பொருள் அதைப் பின்னால் தானே கவனித்துக்கொண்டது.

பெரிய நிறுவனங்கள் இணைப்பை வேறு விதமாக விளங்கிக்கொண்டன: கடையை வாங்கினால் போதும் என்று. படத்தொகுப்பில் கோலோச்சிய அவிட் 1995இல் ‘ப்ரோ டூல்ஸ்’ தயாரித்த டிஜிடிசைனை வாங்கியது. அப்பிள் 2002இல் ‘லொஜிக்’கின் தாய் நிறுவனமான இமாஜிக்கை வாங்கியது. அடோப் 2003இல் ‘கூல் எடிற்’றை வாங்கி ‘ஓடிஷன்’ ஆக்கியது. மூன்று இடத்திலும் ஒலியும் படமும் ஒரு கூரைக்குள் வந்தும் தனித்தனி மென்பொருளாகவே தொடர்ந்தன. இந்த வரிசையில் விதிவிலக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1979இல் சிட்னியில் பீற்றர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபெயார்லைட் என்ற கணினி இசைக்கருவி, உலகப் பாப் இசையின் ஓசையை மாற்றியது. வியாபாரம் நொடித்தபின் அந்தப் பெயர் திரைப்பட ஒலித்தொகுப்புக் கருவிகளில் மறுபிறப்பு எடுத்தது. மெல்பேர்னின் பிளக்மஜிக் டிசைன் 2016இல் அதை வாங்கி, அடுத்த ஆண்டே ‘டாவின்சி ரிசோல்வ்’ 14ஆம் பதிப்புக்குள் ஒரு தனிப் பக்கமாக வைத்துவிட்டது. அடிப்படைப் பதிப்பு இலவசம் என்பதால் வன்னியின் சிறிய ஸ்ரூடியோவுக்கு இது பெரிய காரியம். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. இசைக்கருவியாகப் பிறந்த ஃபெயார்லைட், ரிசோல்வுக்குள் கலவை மேசையாகத்தான் வாழ்கிறது. மிடிச் சுரங்களை எழுதி இசையமைக்கும் முழு வசதி அங்கே இல்லை. மறுபக்கத்தில் 60 டொலருக்குத் தனியாள் உரிமம் விற்கும் ‘ரீப்பர்’, இசையமைப்பு மேசையாகவே இருந்துகொண்டு படத்தையும் ஓரளவு வெட்டித் தருகிறது. என் கட்சிக்கு இந்த இரண்டும் சேர்ந்தே சாட்சி: இணைத்தோம் என்று இரண்டு பேரும் சொல்லலாம், யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதில்தான் ஆள் தெரிகிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, வேலைப் பிரிவினை பற்றியது. நல்ல இசையமைப்பாளர் நல்ல படத்தொகுப்பாளராக இருக்கவேண்டும் என்றில்லை. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகும். சென்னை அந்தத் தவறைச் செய்யாததால்தான் சென்னையாக இருக்கிறது. 2006இல் வெளிவந்த ‘ஆணிவேர்’ வன்னி மண்ணில் எடுக்கப்பட்டபோது ஜோன் மகேந்திரன் இயக்க, தமிழகத்து நடிகர்கள் நடித்தார்கள். தேர்ந்த கைகள் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதை அதற்கு உதாரணமாகவும் காட்டலாம். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஆளைப் பற்றிய வாதம், மென்பொருளைப் பற்றியது அல்ல. ஒரே கோப்பில் இரண்டு பேர் வேலைசெய்யலாம். பாட்டுக்காரர் தாளத்தை நடுவில் மாற்றினால் படக்காரர் உடனே காணலாம். இரண்டு அறையும் இரண்டு இயந்திரமும் உள்ள ஊரில் இது ஒரு வசதி. மின்பிறப்பாக்கி ஓடும் நேரம் எண்ணப்படும் ஊரில், பாட்டை ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றும் ஒவ்வொரு சுற்றும் எரிபொருள். அங்கே இணைப்புத்தான் வேலை நடக்குமா, நடக்காதா என்பதைத் தீர்மானித்தது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. அதை ஓரமாகத் தள்ளிவிட முடியாது. பாட்டு முதலில், படம் பிறகு என்ற அந்த ஒழுங்கு வன்னியின் மரபு அல்ல, ஓர் இயக்கத்தின் பரப்புரைத் தேவை. கொள்கை வரியை முதலில் எழுதி, அதற்கு மெட்டுப் போட்டு, அதற்கேற்ற காட்சியை அடுக்கினார்கள். அதைக் கூத்து மரபு என்று சொல்லி வெள்ளையடிக்கிறாய் என்பார்கள். 2009க்கு முன் வன்னியில் வெளிவந்த பாட்டும் படமும் பெரும்பாலும் புலிகளின் அமைப்புகளுக்கு ஊடாகவே வந்தன. எதைப் பாடலாம், எதைக் காட்டலாம் என்பதில் அவர்களின் பிடி இருந்தது. பாட்டு முந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், போர் முடிந்த 2009 மே 18க்குப் பின் அந்த ஒழுங்கும் போயிருக்கவேண்டும். போகவில்லை. வற்றாப்பளை அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் பாடப்படும் பக்திப் பாடல்களில் இன்றும் பாட்டுத்தான் முதலில் பதிவாகிறது; பொங்கல், மடைப்பண்டம், காவடி எல்லாம் அதன் மேல் வெட்டி ஒட்டப்படுகின்றன. கட்டளையிட யாரும் இல்லாத கலியாண வீட்டு வீடியோவிலும் அப்படியே: எந்தப் பாட்டு என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு தாலி கட்டும் காட்சியை அதன் பல்லவிக்கு இழுத்து வைக்கிறார்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் யூரியூப் உரிமைப் பிரச்சினை சொல்லி ஒலியை நிறுத்திவிடக்கூடும், கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் உறவுகளுக்குப் பார்க்க முடியாமலும் போகலாம். ஆகவே வீடியோக்காரரே சொந்தமாக ஓர் இசைத் துண்டைக் கட்டவேண்டிய தேவை வந்தது. இரண்டு கலையும் ஒரு கையில் சேர்ந்ததற்கு இப்போது எந்த இயக்கமும் காரணமில்லை.

மூன்றாவது விடயத்தை மறுப்பு என்பதைவிட எச்சரிக்கை என்று சொல்லலாம். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, அங்கே பணியாற்றியவர்கள் கொல்லப்பட்டார்கள். 2009 ஜனவரி 2இல் நகரம் இராணுவத்திடம் விழுந்தது. சனம் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கியபோது மூல நாடாவையும் வன்தட்டையும் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? இன்று கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் அதற்கு முன்னரே பிரதியாகி வெளியே போனவை. வெளியே போனது கலந்து முடித்த பாட்டு. குரலும் தவிலும் கீபோர்டும் தனித்தனியே இருந்த ட்ராக்குகள் அல்ல. ஒரே கோப்பு முறை இங்கே இரண்டு பக்கமும் வெட்டும். படமும் ட்ராக்கும் பிரியாமல் ஒரே திட்டக் கோப்பில் கிடப்பதால், அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்; அது போனால் எல்லாம் போகும். அதிலும் ஒரு மென்பொருளின் திட்டக் கோப்பை மற்றது திறக்காது. சில வேளை அதே மென்பொருளின் பழைய பதிப்பும் திறக்காது. பாட்டின் ஒவ்வொரு ட்ராக்கையும் சாதாரண வேவ் கோப்பாகத் தனியே எழுதி, நாட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வைக்கும் பழக்கம் எங்கள் ஸ்ரூடியோக்களில் வேரூன்றாதவரை, இணைப்பின் இந்தப் பக்கத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

கைத்தொலைபேசி வந்தபின் நிலைமை இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. ‘காப்கட்’ போன்ற செயலிகள் பாட்டை உள்ளே போட்டதும் அடி விழும் இடங்களைத் தாமே கண்டு புள்ளி வைத்துக் கொடுக்கின்றன. படத் துண்டை அந்தப் புள்ளியில் கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது. வேகாஸ் என்ற பெயரையே கேள்விப்படாத முல்லைத்தீவுப் பிள்ளையும் பாட்டுக்குப் படத்தை அடக்கித்தான் பழகுகிறது. தொலைபேசிப் படம் பொதுவாக நொடிக்கு 30 பிரேம் என்பதால் 120 அடிப் பாட்டின் இடைவெளி சரியாக 15 பிரேமில் விழுந்து, பால் முறையின் அந்தப் பழைய அரைப் பிரேம் தொல்லையும் தீர்ந்ததாகத் தெரிகிறது. ஆனால் தொலைபேசிக் கமரா 30 பிரேமைக் கண்டிப்பாகக் காப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 28க்கும் 26க்கும் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும். இரவுத் திருவிழாவைத் தொலைபேசியில் எடுத்து, தவிலும் நாதஸ்வரமும் தனி மைக்கில் பதிந்த ஒலியோடு கணினியில் சேர்க்கும்போது, தொடக்கத்தில் பொருந்தியிருந்த கை போகப் போக அடியை விட்டு விலகுவதற்கு ஒரு காரணம் இதுதான். எடுத்த படத்தை முதலில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் வெட்டத் தொடங்கவேண்டும். இந்தக் காரணத்துக்காக ஒலிப்பதிவில் கைவைக்கத் தேவையில்லை.